கடலில் ஒரு சுவடு: திமிங்கிலமும் புலம்பெயர் கவிதையும்

பத்தாண்டு நிறைவு விழாவில் பேசுவதற்குப் பெரிய தலைப்புகள் பல உண்டு. புலம்பெயர் இலக்கியத்தின் எதிர்காலம், மரபும் புதுமையும், அடுத்த தலைமுறையும் தமிழும் என்று அவை வரிசையாக நிற்கும். அவற்றையெல்லாம் விடுத்து, ஒக்டோபர் மாதத்து நீண்ட வார இறுதியொன்றில் சிட்னித் தமிழ்க் குடும்பம் ஒன்று திமிங்கிலம் பார்க்கப் போவதைப் பொருளாக எடுத்துக்கொண்டது சிலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். காரணம் உண்டு. அவுஸ்திரேலியாவில் எழுதப்படும் தமிழ்க் கவிதைகளில் கடலுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கடல் பெரும்பாலும் பசிபிக் கடல் அன்று. சிட்னியின் கரையில் நின்று எழுதிய கவிதையிலும் தாழை பூக்கிறது; கட்டுமரம் கரையேறுகிறது; கோயில் மணியோசை அலையோடு கலக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. மனத்தில் இருக்கும் கடலைத்தான் மனம் எழுதும். எனினும் 1983ஆம் ஆண்டுக்குப் பின் பெருந்தொகையாக வந்து குடியேறிய ஒரு சமூகத்தின் கண்ணெதிரே இத்தனை காலமாகக் கிடக்கும் ஒரு கடல், அதன் கவிதைக்குள் நுழைய வழியின்றி வாசலிலேயே நிற்கிறது என்றால், அது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

அந்தக் கடலைப் பார்ப்பதற்குப் புலம்பெயர்ந்தவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பதிலிருந்து தொடங்கலாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒக்டோபர் மாதத்து முதல் திங்கட்கிழமை தொழிலாளர் நாள். சனி, ஞாயிறோடு அது சேரும்போது மூன்று நாள் ஓய்வு கிடைக்கிறது. இந்த விடுமுறையின் வேர் 1855ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு சிட்னியில் கல் கொத்தும் தொழிலாளர் போராடி எட்டு மணி நேர வேலைநாளைப் பெற்றனர். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எட்டு மணி தன் விருப்பம் என்பது அந்த இயக்கத்தின் முழக்கமாயிற்று. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாளைக் கொண்டாடிய வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது அயலான செய்தி அன்று. ஆனால் முதியோர் இல்லத்தில் இரவு வேலையும் பகலில் வாடகை வண்டி ஓட்டமுமாகக் காலம் கழிக்கும் ஒரு குடும்பத் தலைவருக்கு மூன்றாவது எட்டு மணி என்பது ஏட்டில் மட்டுமே உள்ளது. அவர் ஆண்டில் ஒருமுறை இந்த மூன்று நாளையும் ஒருசேரப் பெறுவதற்கு முன்கூட்டியே எத்தனை பேரோடு வேலைநேரம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை அவருடைய மனைவி மட்டுமே அறிவார். இதில் ஒரு சிறு கொடுமையும் உண்டு. கோடைகால நேரமாற்றம் தொடங்குவது ஒக்டோபர் மாதத்து முதல் ஞாயிறு அதிகாலையில். பெரும்பாலான ஆண்டுகளில் அந்த ஞாயிறு இதே விடுமுறைக்குள் வந்து விழுகிறது. கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படுகிறது. அரிதாகக் கிடைத்த ஓய்விலும் ஒரு மணி நேரத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது.

போகும் இடம் ஈடன். சிட்னியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 480 கிலோமீற்றர். வொலொங்கொங், நவ்ரா, பேற்மன்ஸ் பே, நரூமா, பீகா என்று பிரின்சஸ் நெடுஞ்சாலை கடலை அணுகியும் விலகியும் செல்கிறது. பின்னிருக்கையில் புளிச்சாதப் பொதி, மடியில் உறங்கும் பிள்ளை, ஒலிநாடாவின் இடத்தைப் பிடித்துக்கொண்ட கைப்பேசியில் பழைய திரைப்பாடல். இந்தப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, போனவர்கள் அறிவார்கள்.

ஈடன் ஊர் ட்வோஃபோல்ட் என்னும் ஆழமான குடாவின் கரையில் இருக்கிறது. அந்தக் குடாவில் நடந்ததைப் போன்றதொரு செய்தி உலகில் வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், டேவிட்சன் குடும்பத்தார் அங்கே சிறு படகுகளில் துடுப்பு வலித்துத் திமிங்கில வேட்டையாடினர். அவர்களுடைய படகோட்டிகளில் பலர் யுவின் மக்களுள் ஒரு பிரிவினரான தாவா இனத்துப் பழங்குடியினர். வேட்டையில் அவர்களுக்குத் துணை நின்றவை கொலைத் திமிங்கிலங்கள் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட ஓர்க்காக் கூட்டம். அவை பெருந்திமிங்கிலத்தைக் குடாவுக்குள் மடக்கி நிறுத்தும். அவற்றுள் ஒன்று கரைக்கு அருகே வந்து வாலால் நீரை அறைந்து மனிதரை அழைக்கும். மனிதர் போய் ஈட்டி எறிவர். இறந்த உடலை உடனே கரைக்கு இழுத்துவிட மாட்டார்கள். நங்கூரமிட்டு நீரிலேயே விட்டுவைப்பார்கள். ஓர்க்காக்கள் உதட்டையும் நாக்கையும் தின்றபின் எஞ்சியது மனிதருக்கு. இந்த உடன்பாட்டுக்கு ‘நாவின் சட்டம்’ என்று பெயர் வழங்குகிறது. தாவா மக்களுக்கு அந்த ஓர்க்காக்கள் இறந்துபோன தம் முன்னோர். ஆகவே இது அவர்களுக்கு வேட்டைத் தந்திரமாக அன்றி உறவாகவே இருந்தது. அந்தக் கூட்டத்தில் புகழ்பெற்ற ‘ஓல்ட் டொம்’ 1930ஆம் ஆண்டில் இறந்தது. அதன் எலும்புக்கூடு அடுத்த ஆண்டு தோன்றிய ஈடன் காட்சிச்சாலையில் இன்றும் நிற்கிறது. ஒரு பக்கத்துப் பற்கள் தேய்ந்திருக்கின்றன. படகின் வடத்தைப் பல்லால் பற்றி இழுத்ததால் தேய்ந்தவை என்று ஊரார் சொல்வர். உண்மையோ கதையோ, கவிஞர் எவரும் அந்தப் பற்களின் முன் சற்றே நிற்காமல் போக மாட்டார்.

ஈடனுக்கு அருகில் ஒரு தேசியப் பூங்கா உண்டு. நெடுங்காலம் அதற்குப் பெஞ்சமின் பொயிட் என்பவரின் பெயர் வழங்கியது. 1840களில் அந்தக் கரையில் தம் பெயரால் ஊரெழுப்பிய செல்வர் அவர். 1847இல் பசிபிக் தீவுகளிலிருந்து மனிதரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து தம் ஆட்டுப் பண்ணைகளில் வேலைக்கு நிறுத்தியவரும் அவரே. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் கொண்டுசெல்லப்பட்ட அதே பத்தாண்டு அது. 2022ஆம் ஆண்டில் அரசு அந்தப் பெயரை நீக்கிப் ‘பியோவா’ என்று பெயர் மாற்றியது. தாவா மொழியில் பியோவா என்றால் ஓர்க்கா. ஆட்களைக் கொண்டுவந்து உழைப்பைக் கறந்தவரின் பெயர் இருந்த இடத்தில், அந்த மண்ணின் மொழியில் ஒரு கடல் உயிரின் பெயர் வந்து அமர்ந்திருக்கிறது. தன் ஊர்ப் பெயர்கள் பிறர் வாயில் திரிந்ததையும் மறைந்ததையும் கண்ட ஒரு மக்கள் கூட்டத்துக்கு இந்தப் பெயர்ப்பலகை சாதாரணமாகத் தோன்ற முடியாது. ஆனாலும் அந்த வழியாகப் போய்வந்த தமிழர் எழுதிய பயணக் குறிப்புகளில் பீகாவின் பாற்கட்டி இடம்பெறும் அளவுக்குப் பியோவா இடம்பெறுவதில்லை.

பெயரைப் பற்றிப் பேசும்போது தமிழ்ச் சொல்லையும் நோக்க வேண்டும். திமி என்பது ஒரு பெருமீன். அதை விழுங்குவது திமிங்கிலம். அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம். வடமொழி வழியாக வந்து அகராதிகளில் இடம்பெற்ற சொற்கள் இவை. விழுங்குதல் என்னும் அச்சமே அவற்றின் பொருள். கரையில் நின்று பார்த்தவன் இட்ட பெயர் அது. கொலைத் திமிங்கிலம் என்ற ஆங்கிலப் பெயரும் அந்த வகையினதே. தாவா மொழியின் பியோவாவுக்கு அந்த மக்கள் சேர்த்து வைத்த பொருளில் அச்சம் இல்லை, உறவு இருக்கிறது. ஈடனில் ஒக்டோபரில் காணக்கிடைப்பது பெரும்பாலும் கூன்முதுகுத் திமிங்கிலம். பன்னிரண்டு முதல் பதினாறு மீற்றர் நீளமும், உடலின் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள பக்கத் துடுப்புகளும் கொண்ட அந்த உயிருக்குத் திமியையும் விழுங்க இயலாது, மனிதனையும் விழுங்க இயலாது. அந்தாட்டிக்கக் கடலில் கூனிறாலை ஒத்த சிற்றுயிர்களைத் தின்று வாழ்வது அது. இறாலின் தூரத்து உறவை உண்டு வாழும் உயிரைத் தமிழ் இன்னும் விழுங்கி என்றே அழைக்கிறது.

இனிப் படகுக்கு வருவோம். அண்மையில் ஓர் ஒக்டோபர் ஞாயிறு காலை ஈடன் துறையிலிருந்து புறப்பட்ட படகில் அப்படியொரு குடும்பம் இருந்தது. தந்தை, தாய், ஒன்பது வயது மகள், தாயின் தாய். அம்மம்மா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையிலிருந்த ஒடுங்கிய நிலத்தில் நின்று தப்பியவர்களுள் ஒருவர். அதன்பின் கடலைப் பார்ப்பதற்கென்று அவர் எங்கும் போனதில்லை. படகிலும் மேல்தளத்துக்கு ஏறவில்லை. கீழே, கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்துகொண்டார். குடா வாயைத் தாண்டியதும் அலை மாறிற்று. வெளிக்கடலின் நீண்ட அலையில் படகு எழுந்து தாழ்ந்தபோது முதலில் துவண்டவர், முன்கூட்டியே மாத்திரை விழுங்கியிருந்த தந்தைதான். அம்மம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

திமிங்கிலம் பார்ப்பது என்பது பெரும்பாலும் திமிங்கிலத்தைப் பாராமல் இருப்பது. விளம்பரப் படங்களில் நாற்பது தொன் எடை வானில் நிமிர்ந்து நிற்கும். கடலிலோ ஒரு மணி நேரம் நீரையே பார்த்திருக்க வேண்டும். பின் தொலைவில் ஒரு வெண்புகை. அது நீரூற்று அன்று, மூச்சு. நுரையீரலிலிருந்து வெளிப்படும் வெப்பமான காற்று குளிர்ந்து புகையாகிறது. காற்று படகின் பக்கம் திரும்பினால் அழுகிய மீனின் நாற்றமும் வந்து சேரும். அழகுணர்ச்சிக்காக இதைச் சொல்லாமல் விடுவோர் உண்டு, விட வேண்டியதில்லை. படகோட்டி வேகத்தைக் குறைக்கிறார். இம்மாநில விதிப்படி படகு திமிங்கிலத்தை நூறு மீற்றருக்குள் நெருங்கக் கூடாது. கன்று உடன் இருந்தால் இருநூறு மீற்றர். அன்று கன்று இருந்தது. குவீன்ஸ்லாந்தின் வெதுவெதுப்பான கடலில் அவ்வாண்டு பிறந்து, தாயோடு தெற்கே முதற்பயணம் செல்லும் கன்று. தாய் மாதக்கணக்காகப் பெரும்பாலும் எதுவும் உண்ணாமல், தன் உடற்கொழுப்பையே பாலாக்கி ஊட்டிக்கொண்டு செல்கிறது. கன்றால் நெடுநேரம் மூச்சடக்க இயலாது என்பதால் தாயும் மேற்பரப்பை விட்டு அதிகம் விலகுவதில்லை. இருநூறு மீற்றர் தொலைவில் இரண்டு மூச்சுகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கண்டது அவ்வளவுதான். பின் பெரிய முதுகு வளைந்தது. வால் எழுந்து சரிந்தது. வாலின் அடிப்பக்கத்துக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒரு திமிங்கிலத்துக்கு இருப்பது மற்றொன்றுக்கு இருப்பதில்லை. ஆய்வாளர் அதைக் கொண்டே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கின்றனர். பிறகு எதுவும் இல்லை.

எதுவும் இல்லை என்பதும் சரியன்று. திமிங்கிலம் தாழ்ந்த இடத்தில், சுற்றிலும் காற்றில் நீர் சிலிர்த்துக்கொண்டிருக்க, எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பான வட்டமொன்று சில நிமிடம் கிடந்தது. வாலின் அடியால் கீழிருந்து மேலெழும் நீர் அவ்வாறு மேற்பரப்பைச் சமன் செய்கிறது. படகின் வழிகாட்டி அதை ஆங்கிலத்தில் திமிங்கிலத்தின் காலடி என்றார். சிறுமி கீழே ஓடிவந்து, “அம்மம்மா, வேல் போன இடத்தில ஃபுட்பிரிண்ட் கிடக்குது. அதுக்குத் தமிழ் என்ன?” என்று கேட்டாள். தந்தை தலை கவிழ்ந்தபடியே, “காலடி எண்டு சொல்லுங்கோ” என்றார். அம்மம்மாவுக்கு அது பொருந்தவில்லை. “காலில்லாததுக்கு என்ன காலடி? சுவடு எண்டு சொல்லு பிள்ளை” என்றார். சொல்லிவிட்டு, அந்தச் சுவடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகத் திரும்பினார். வழவழப்பு மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. அது முற்றும் கலையும் வரை பார்த்தார். பிறகு மீண்டும் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

கவிஞர்கள் இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. திமிங்கிலத்தைக் கண்ட புலம்பெயர்ந்த கவிஞருக்கு முதலில் கைக்கு வருவது எது என்பதை ஊகிப்பது கடினமன்று. ‘நீயும் என்னைப்போல் ஊர்விட்டு ஊர் செல்பவன்’ என்னும் ஒப்புமை. படகில் ஏறும் முன்னரே பாதிக் கவிதை எழுதி முடிந்திருக்கும். ஆனால் அந்த ஒப்புமை பொய். கூன்முதுகுத் திமிங்கிலம் ஊர்விட்டுப் போவதில்லை. குளிர்கடலில் உணவு, வெப்பக்கடலில் பேறு என்று அதற்கு ஊர் இரண்டு. ஒருமுறை செல்ல ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீற்றர். ஆண்டுதோறும் போய்த் திரும்பிவிடுகிறது. கடவுச்சீட்டு கேட்பார் இல்லை. திரும்பிப் போனால் வீடு இருக்குமா என்ற ஐயமும் அதற்கு இல்லை. முல்லைத்தீவிலிருந்து வந்த மூதாட்டியையும் அந்தாட்டிக்காவுக்குத் திரும்பும் திமிங்கிலத்தையும் ஒரே உவமையில் கட்டினால், இருவருக்கும் அநீதி இழைத்தவர்கள் ஆவோம்.

இங்கே ஒரு சொல்லின் வரலாறு உதவும். பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்வதை இன்று வலசை என்கிறோம். திமிங்கிலத்துக்கும் அச்சொல்லே ஆளப்படுகிறது. தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் வலசைக்குப் பகைப்படைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுதல் என்ற பொருள் கிடைக்கிறது. தென்காசிக்கு அருகில் உள்ள குத்துக்கல்வலசை போன்ற ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. அச்சத்தால் ஓடிய மனிதருக்கு உரிய சொல் பறவைக்குச் சென்றது. பறவையிடம் அது அழகு பெற்றது. இப்போது அந்த அழகோடு மனிதனிடம் திரும்பி வருகிறது. வலசை என்று எழுதும் புலம்பெயர் கவிஞர் எந்தப் பொருளில் எழுதுகிறார்? சிறகின் பொருளிலா, படைக்கு அஞ்சிய பொருளிலா? அழகிய சொல் அழகுக்காக மட்டும் வரும்போது அதனுள் இருந்த மனிதர் வெளியேறிவிடுகின்றனர்.

மற்றொரு ஆயத்த உவமையும் உண்டு. அது இன்னும் கவர்ச்சியானது. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் குவீன்ஸ்லாந்தின் டங்கலூமாவில் 1952 முதல் 1962 வரையிலும், பைரன் பேயில் 1954 முதல் 1962 வரையிலும் கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்று எண்ணெய் எடுத்தனர். 1962இல் நிலையங்கள் மூடப்பட்டதற்கு இரக்கம் காரணமன்று; கொல்வதற்குப் போதிய திமிங்கிலங்கள் இல்லை. அந்த மறைவுக்கான முழுக் காரணம் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிவந்தது. 1959 முதல் 1961 வரையிலான இரண்டே பருவங்களில், அவுஸ்திரேலியா நியூசிலாந்துக்குத் தெற்கேயுள்ள கடலில், சோவியத் கப்பல்கள் ஏறத்தாழ 25,000 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றிருந்தன. அனைத்துலக அமைப்புக்குத் தந்த கணக்கில் அந்தத் தொகை இல்லை. உண்மைக் குறிப்புகளைச் சிலர் மறைவாகப் பாதுகாத்து வைத்திருந்தனர். 1990களின் தொடக்கத்தில், சோவியத் ஒன்றியம் கலைந்தபின், யாப்லொகோவ் முதலிய ரஷ்ய அறிவியலாளர் அவற்றை வெளியிட்டனர். கிழக்குக் கரையில் எஞ்சியவை சில நூறே. 1963இல் தென்கோளத்தில் இந்த இனத்தைக் கொல்வது தடைசெய்யப்பட்டது. அவுஸ்திரேலியாவைச் சுற்றி ஏறத்தாழ நாற்பதாயிரம் என மதிப்பிடப்பட்ட நிலையில், 2022ஆம் ஆண்டில் இந்த இனம் ஆபத்துக்குள்ளான உயிர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

கொலையின் எண்ணிக்கை மறைக்கப்படுதல், பொய்க்கணக்கு, மறைத்து வைத்த ஏடு, காலம் கடந்து வெளிப்படும் உண்மை. ஈழத்தவர் எவரும் இதைத் தலையாட்டாமல் கேட்க முடியாது. ஆனால் அதன் பின்பகுதியை, அதாவது இனம் பெருகி மீண்ட கதையை, ஆறுதலாக எடுத்துக்கொள்ளும் கவிதைகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. திமிங்கிலத்தில் கணக்கு என்பது இனத்தின் கணக்கு. சில நூறு நாற்பதாயிரமானால் விஞ்ஞானி மகிழலாம், மகிழ வேண்டும். மனிதரில் கணக்கு அப்படியன்று. அந்தப் படகில் முதுகு காட்டி அமர்ந்திருந்தவருக்கு இழந்தவர்கள் தொகையல்லர், பெயர்கள். எத்தனை பேரர் பிறந்தாலும் அந்தப் பெயர்களில் ஒன்றேனும் திரும்பாது. மீட்சி என்ற சொல்லை அவர் முன்னிலையில் வைத்து வாசிக்க இயலாத கவிதை, மேடையிலும் வாசிக்கத் தக்கது அன்று.

அப்படியானால் திமிங்கிலத்திடமிருந்து கவிஞர் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அது உவமைக்குரிய பொருளைவிடப் பெரியது, யாப்புக்குரியது.

கூன்முதுகுத் திமிங்கிலத்தின் ஆண்கள் பாடுகின்றன. ரோஜர் பெயின் தொகுத்த அந்தப் பாடல்களின் இசைத்தட்டு 1970இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு அவரும் ஸ்கொட் மக்வேயும் ‘சயன்ஸ்’ ஏட்டில் பாடலின் அமைப்பை விளக்கினர். சிற்றொலிகள் சேர்ந்து ஒரு தொடர். அத்தொடர் திரும்பத் திரும்ப வந்து ஒரு பகுதி. பகுதிகள் மாறாத வரிசையில் அமைந்து ஒரு பாட்டு. பத்து, இருபது நிமிடம் நீளும் அந்தப் பாட்டு மணிக்கணக்காகத் திரும்பப் பாடப்படும். அசை, சீர், அடி, பா என்று அடுக்கிப் பழகிய தமிழ்ப் புலவருக்கு இந்த அடுக்கு எளிதில் விளங்கும். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு மாறும் இடத்தில், முன்னதன் ஒலியும் பின்னதன் ஒலியும் கலந்த தொடர்கள் வருவதுண்டு. அந்தாதி என்று சொல்லிவிடலாம். ஆனால் சொல்லாமல் நிறுத்திக்கொள்வது நல்லது. 1988இல் லிண்டா கினியும் கேத்தி பெயினும் வெளியிட்ட கட்டுரை இன்னும் ஒருபடி சென்றது. வெவ்வேறு பகுதிகளின் தொடர்கள் ஒரே வகை ஒலியைத் தம்முள் கொண்டு எதிரொலிப்பதை அவர்கள் கண்டனர். எதுகையைப் போன்றது. பகுதிகள் மிகுதியாக உள்ள கடினமான பாட்டில் இந்த எதுகை வருகிறது. எளிய பாட்டில் அரிதாகவே வருகிறது. ஆகவே இது நினைவில் வைப்பதற்கான உத்தியாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர். ஏடு பெருகாத காலத்தில் எதுகையும் மோனையும் எதற்காக வளர்ந்தன என்று தமிழாசிரியர் சொல்லும் விடையும் இதுவே. புதுக்கவிதை வந்தபின் எதுகையை அணிகலன் என்று ஒதுக்கியவர்கள், அது ஒருகாலத்தில் அணிகலனாக அன்றி மூட்டை கட்டும் கயிறாக இருந்தது என்பதை மறந்துபோயினர். நீண்ட பயணம் போகிறவர்களுக்குக் கயிறு தேவை.

ஒரு கடற்பகுதியின் ஆண்கள் அனைத்தும் ஒரு காலத்தில் ஒரே பாட்டைத்தான் பாடும். அந்தப் பாட்டு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறும். மாற்றத்தையும் எல்லாம் சேர்ந்தே ஏற்கும். 1996ஆம் ஆண்டில் கிழக்குக் கரையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. மைக்கேல் நோட் என்னும் ஆய்வாளரும் அவருடைய துணைவரும் பதிவு செய்த பாடகர்களில் இரண்டே இரண்டு, அங்கே எவையும் பாடாத வேறொரு பாட்டைப் பாடின. அது மேற்குக் கரையின் பாட்டு, இந்துமாக்கடலின் பாட்டு. அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ எல்லாம் அதற்கு மாறின. 1998இல் கிழக்குக் கடலில் பழைய பாட்டைப் பாடிய திமிங்கிலம் ஒன்றுகூட இல்லை. 2000ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ ஏடு இதைப் பண்பாட்டுப் புரட்சி என்ற தலைப்பிலேயே வெளியிட்டது. பின்னர் எலன் கார்லண்ட் முதலியோர் செய்த ஆய்வு, இவ்வாறு பாடல்கள் கிழக்கு நோக்கித் தீவு தீவாகப் பிரெஞ்சுப் பொலினீசியா வரை சென்றதைக் காட்டியது.

இந்துமாக்கடலிலிருந்து வந்த இருவர் பசிபிக் கடல் முழுவதையும் பாட வைத்தனர் என்று கேட்கும்போது இந்த அவையில் சிலர் முகம் மலர்வது இயல்பு. பத்தாண்டுக்கு முன் ஒரு வீட்டின் கூடத்தில் ஒரு சிலரோடு தொடங்கிய வட்டத்துக்கு அது இனிய செய்தியே. ஆனால் அதே செய்தியை மறுபக்கத்திலிருந்தும் கேட்க வேண்டும். பழைய பாட்டைப் பாடிய திமிங்கிலங்கள் 1998இல் இறந்துவிடவில்லை. அவையே அதே கடலில், அதே வழியில், உயிரோடு சென்றன. பாட்டுத்தான் இல்லை. அது ஆய்வாளரின் ஒலிநாடாவில் மட்டும் இருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாரதியார் பாட்டை ஒப்பித்துப் பரிசு பெற்ற பிள்ளை, பதினைந்து வயதில் வீட்டில் வாய் திறக்கும்போது எந்தப் பாட்டைப் பாடுகிறது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திமிங்கிலம் ஏன் பழையதை விட்டுப் புதியதை ஏற்கிறது? பெண்ணை ஈர்க்கவா, புதுமைமேல் கொண்ட வேட்கையா என்று ஆய்வாளரிடையே இன்னும் வாதம் நடக்கிறது. பிள்ளைகள் விடயத்திலும் வாதம் முடிந்தபாடில்லை.

இந்த வட்டம் செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்று இருக்கிறது. முல்லைத்தீவு, மன்னார், வடமராட்சி, தூத்துக்குடி, நாகப்பட்டினம் எனக் கரையூர்களிலிருந்து வந்த முதியவர் பலர் சிட்னியில் வாழ்கின்றனர். நீரின் நிறத்துக்கும் ஓட்டத்துக்கும், மீன் துள்ளுவதற்கும் மூச்செறிவதற்கும், காற்றின் திசை மாற்றத்துக்கும் அவர்களிடம் சொற்கள் உண்டு. அவை அகராதியில் ஏறாதவை. கேட்டால் மட்டும் கிடைப்பவை. அடுத்த ஒக்டோபர் மாதத்துத் தொழிலாளர் நாளுக்கு முன் அவற்றைக் கேட்டு எழுதி வைத்தால், ஈடன் குடாவுக்குப் போகும் கவிஞருக்கும், படகின் கீழ்த்தளத்துக்கு ஓடிவந்து கேட்கும் பிள்ளைக்கும் பயன்படும். முதியவர்களிடம் செல்லும்போது கடலைப் பற்றிய கேள்வியை எடுத்தவுடன் கேட்டுவிட வேண்டாம். சிலர் முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.